கியூவரி: பூச்சியம்

என்னிடம் ஒருவர் ஒரேயொரு கடிதம் கேட்டார். அரைப் பக்கம் போதும். இவர் எங்களிடம் மூன்று வருடம் வேலை செய்தார், விஞ்ஞானக் கட்டுரைகளில் வரும் சமன்பாடுகளைச் சரிபார்த்தார், கணிதம் நன்றாகத் தெரிந்தவர் என்று இரண்டு மூன்று வரி. அது முழு உண்மை. அந்த உண்மையை என்னைவிட நன்றாகத் தெரிந்த இன்னொரு ஆள் இருக்கவில்லை. நான் அந்தக் கடிதத்தை எழுதவில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்று இங்கே எழுதலாம்தான். அதுவும் பொய்யாகத்தான் இருக்கும்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் முந்தலில் எங்கள் ஒஃபிஸ் திறந்தது. சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் வீதியில், இறால் பண்ணைகளுக்குத் தீன் விற்கும் கடைக்கு மேல்மாடி. ஒன்பது கணினி, ஒன்பது கதிரை, இரண்டு மின்விசிறி. கீழேயிருந்து தீனின் மணம் ஏறி வரும். முதல் கிழமை வயிற்றைப் பிரட்டும், இரண்டாம் கிழமை மூக்குப் பழகிவிடும், மூன்றாம் கிழமையிலிருந்து வீட்டில் இருப்பவர்கள் எங்களை மணந்து பார்ப்பார்கள். திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் விளக்கேற்றி, கிராமத்துக்குத் தொழில்நுட்பம் கொண்டுவந்திருக்கிறோம் என்று பேசினார்கள். நாங்கள் அதுவரைக்கும் மரத்தில் குடியிருந்தவர்கள் மாதிரி. நானும் முன்வரிசையில் நின்று கை தட்டினேன்.

வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் வரும் விஞ்ஞானக் கட்டுரைகளைப் பக்கமாக அமைத்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கும் பெரிய மனிதர் தாறுமாறாக அடித்து அனுப்பும் கோப்பு, கொழும்பு வழியாக எங்களுக்கு வரும். தலைப்பு எது, அட்டவணை எது, உசாத்துணை எது என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் போட்டு, சமன்பாடுகளை லேட்டெக் என்ற மென்பொருளின் கட்டளைகளாகத் திரும்ப அடித்து, அச்சுக்குப் போகும் அழகில் அனுப்பிவிடுவோம். நான் எத்தாளையில் கடற்றொழில் செய்யும் வீட்டில் பிறந்து, கொழும்பில் அச்சகமொன்றில் இந்த வேலையைப் பழகியவன். அதனால் முந்தலுக்கு நான் பொறுப்பாளர். என் கீழே எட்டுப் பெண்கள். புத்தளம் ரவுணிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகள், எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கைச் சேர்ந்த பிள்ளைகள், எலுவன்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒருத்தி. எல்லாரும் என்னைச் சேர் என்றார்கள். எனக்கு அது நன்றாகவே பிடித்திருந்தது.

வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு பாடம் எடுப்பேன். படிக்க வேண்டாம், பாருங்கள். அதுதான் பாடம். கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தொடங்கினால் பக்கம் நகராது. எழுத்தின் தலையில் சின்ன இரண்டு இருந்தால் தலையில் சின்ன இரண்டு போடு. காலடியில் இருந்தால் காலடியில் போடு. அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்காதே. இந்தப் பாடத்தை நானே கண்டுபிடித்தது போலச் சொல்வேன். பிள்ளைகள் கெட்டிக்காரிகள், சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஒருவரைத் தவிர.

அவர் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, முந்தலில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தாயாரோடு இருந்தார். என் வயதுதான் இருக்கும். பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கக் கிடைத்து, யுத்தத்தால் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனவர். வன்னியில் ஒரு கொட்டில் பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்திருக்கிறார். அந்தப் பள்ளிக்கூடமும் இல்லை, அதன் அதிபரும் இல்லை, படிப்பித்ததற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. இதையெல்லாம் கேட்டால்தான் சொல்வார். ஒஃபிசில் யாரோ ஒரு பிள்ளை பகிடிக்கு டீச்சர் என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. நானும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன். கொழும்பு ஆட்கள்கூட ஃபோனில், டீச்சர் இருக்கிறாவா என்றுதான் கேட்பார்கள். அவருடைய வேலைப் பதிவில் மட்டும் ‘தட்டச்சு இயக்குநர்’ என்று இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருந்தது.

சேர்ந்து இரண்டாம் மாதம் அவர் ஒரு கட்டுரையோடு என் மேசைக்கு வந்தார்.

“சேர், இந்த நாலாவது வரியில வர்க்கம் இல்லை. அஞ்சாவது வரியில இருக்கு. இடையில எங்கயிருந்து வந்தது?”

“அவையள் அடிச்சிருக்கிற மாதிரியே அடிச்சு விடுங்கோ, டீச்சர்.”

“நாலாவது வரி பிழை, சேர். ரெண்டு தரம் செய்து பாத்தனான்.”

அச்சுக்கு முன் கட்டுரையாளருக்குப் போகும் புரூஃப் தாள்களில் பழையவற்றின் பின்பக்கத்தில் பென்சிலால் முழுக் கணக்கையும் செய்து வைத்திருந்தார். எனக்கு அதில் பாதிதான் விளங்கியது. ஆனால் வர்க்கம், அந்தத் தலையில் போடும் சின்ன இரண்டு, விட்டுப்போனது விளங்கியது. முறைப்படி இப்படியான இடத்தில் கட்டுரையாளருக்கு ஒரு கேள்வி அனுப்ப வேண்டும். தொழிலில் அதற்குக் கியூவரி என்று பெயர். படம் தெளிவாக இல்லை, முகவரியில் நகரம் இல்லை என்பது போன்ற சில்லறைக் கியூவரிகள் புரூஃபோடு சேர்ந்தே போகும், யாருக்கும் தொல்லையில்லை. கணிதத்தில் கியூவரி போட்டால் கதை வேறு. பதில் வரும்வரை கட்டுரையை நிறுத்தி வைக்க வேண்டும். அவர் கியூவரி போட்டார். கட்டுரையாளர் விடுமுறையில் இருந்தார். கட்டுரை ஒரு கிழமைக்கு மேலே அசையாமல் கிடந்தது.

கொழும்பு மேலாளர் என்னைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏசிய ஏச்சு ஃபோனை மேசையில் வைத்தாலும் கேட்கும். உங்களைக் கணக்குச் செய்யவா வைத்திருக்கிறது, வந்ததை அடித்து அனுப்பத் தெரியாதா என்றார். கடைசியில் டீச்சர் சொன்னது சரி என்று கட்டுரையாளரிடமிருந்து பதில் வந்தது. நன்றிகூட எழுதியிருந்தார். அந்த நன்றி எங்கள் தாமதத்தை ஒரு நாளும் குறைக்கவில்லை.

அடுத்த முறை அவர் வந்தபோது எனக்கு அந்த ஏச்சு காதில் இருந்தது. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

“டீச்சர், உங்களுக்கு நிச்சயம் எண்டா நீங்களே திருத்திப்போட்டு விடுங்கோ. கியூவரி வேண்டாம்.”

“அது அவையின்ர கட்டுரை, சேர். கேக்காமக் கை வைக்கிறது முறையில்லை.”

“புரூஃப் அவையளுக்குப் போகும்தானே. பிழையெண்டா அவை சொல்லுவினம்.”

“தங்கட பிழையைத் தாங்கள் காணமாட்டினம், சேர். சரியா இருந்தா அதையும் காணமாட்டினம்.”

“அப்ப நல்லதுதானே.”

அவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டார். பிறகு, “எழுதியெண்டாலும் வைக்கிறன்” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கே எழுதி வைப்பார் என்று நான் கேட்கவில்லை. பிரச்சினை முடிந்தது என்று பெருமூச்சு விட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஒஃபிசிலிருந்து ஒரு கணிதக் கியூவரியும் போகவில்லை. எங்கள் கட்டுரைகளில் கணிதப் பிழை குறைவு என்று கொழும்பில் பேச்சு வந்தது. அமைப்பு நல்லது என்றார்கள். பயிற்சி நல்லது என்றார்கள். பயிற்சி கொடுத்தவன் நான்தானே என்று நான் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

அந்த நாட்களில்தான் நான் ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கினேன். அதாவது, பிள்ளைகள் கையால் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைக் கணினியே செய்யும்படி எழுதும் கட்டளைத் தொகுப்பு. முதலில் உசாத்துணைப் பட்டியல். பெயர், ஆண்டு, பக்கம் என்று பிரித்து அடையாளம் போடுவதற்கு ஒரு பிள்ளைக்கு அரை நாள் போகும். ஸ்கிரிப்ட் அதை ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் முடித்தது. பிறகு அட்டவணைகள், தசமப் புள்ளிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக நேராக நிற்கும்படி. பிறகு நீண்ட சமன்பாடுகள். ஒரு சமன்பாடு வரியில் அடங்காவிட்டால் எங்கே உடைப்பது என்பது இந்தத் தொழிலில் பெரிய கேள்வி. அடைப்புக்குறிக்குள் உடைத்தால் அசிங்கம், படிக்கிறவருக்கும் குழப்பம். சமன் குறியில் உடைத்து அடுத்த வரியை அதற்கு நேராக நிறுத்த வேண்டும். எந்த இடத்தில் உடைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று டீச்சரைப் பக்கத்தில் இருத்திக் கேட்டுக் கேட்டுத்தான் அதை எழுதினேன். அது நல்ல ஸ்கிரிப்ட். இன்றைக்கும் சொல்வேன், அதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவை வேறு நிறைய இருக்கின்றன.

கொழும்பில் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். மேலாளர் ஒருமுறை முந்தலுக்கே வந்து, இறாலும் சோறும் சாப்பிட்டு, என் தோளில் தட்டிவிட்டுப் போனார். போய் ஒரு மாதத்தில் புதிய திரையொன்று வந்தது. ஒவ்வொருவரும் ஒரு நாளில் எத்தனை பக்கம், ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம், எத்தனை கியூவரி என்று கணினி தானாகவே எண்ணிக் காட்டும். நல்லது பச்சை, கெட்டது சிவப்பு. இதில் கியூவரி எதற்கு என்று கேட்டேன். கியூவரிதான் தரத்தின் அளவுகோல் என்றார் மேலாளர். மெதுவாக வேலை செய்கிறவர் நிறையக் கியூவரி கண்டுபிடித்தால் அவரால் பிரயோசனம் இருக்கிறது, மெதுவாகவும் செய்து கியூவரியும் இல்லாவிட்டால் எதற்கு என்றார். கணக்கா செய்கிறீர்கள் என்று என்னிடம் கத்திய அதே வாய். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் சரி என்றேன்.

திரையில் எங்கள் பிள்ளைகளெல்லாம் பச்சை. படம் மங்கல், முகவரி குறை என்று ஆளுக்கு ஒரு கைப்பிடி கியூவரி வைத்திருந்தார்கள். சமன்பாடுகளை மட்டும் பார்த்த டீச்சரின் வரி முழுக்கச் சிவப்பு. பக்கம் ஆகக் குறைவு, நிமிடம் ஆகக் கூட, கியூவரி பூச்சியம்.

அந்தப் பூச்சியத்தைப் போட்டது நான். அவர் மூன்று வருடம் திருத்திய பிழைகள் அத்தனையும் அந்தப் பூச்சியத்துக்குள் இருந்தன. எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. சமன்பாட்டை அடிப்பதற்கும் இப்போது பாதி ஸ்கிரிப்ட் வந்துவிட்டதால் ஒருவரைக் குறைக்கலாம் என்று கொழும்பு சொன்னபோது, அந்த ஒருவர் யார் என்று என்னிடம் கேட்கக்கூட இல்லை. திரை சொல்லிவிட்டதே. நான் நினைத்திருந்தால் அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் கட்டுரையாளரைக் கேட்காமல் கணிதத்தில் கை வைத்திருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் அது பெரிய குற்றம். அப்படிச் செய்யச் சொன்னது யார் என்று கேட்பார்கள். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டேன்.

செய்தியை நான்தான் அவரிடம் சொன்னேன். கொழும்பின் முடிவு, எனக்கும் கவலைதான், நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்று பூசி மெழுகினேன். நான் ஒன்றுமே சொல்லிப் பார்க்கவில்லை. அவர் கதிரையைத் தள்ளி வைத்து, மேசையிலிருந்த பென்சில்களை எடுத்துக் கைப்பையில் போட்டார். மற்றப் பிள்ளைகள் அழுதார்கள். எலுவன்குளத்துப் பிள்ளை அன்றைக்கு முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். வெள்ளைச் சேலை கட்டி, நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்த கோலத்தில் இருந்தார். சிலாபம் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்குக் கணித ஆசிரியர் தேவையாம். அதிபர் ஒரு கரும்பலகையில் நாலைந்து கணக்குச் செய்யவிட்டுப் பார்த்திருக்கிறார், நன்றாகப் பிடித்துவிட்டது. பட்டம் முடிக்காதது பெரிய குறையில்லை, ஆனால் நிர்வாகத்துக்குக் காட்ட ஏதாவது ஒன்று வேண்டும் என்றிருக்கிறார்.

“கணிதத்தோடதான் வேலை செய்தனான் எண்டு ஒரு கடிதம் தந்தாக் காணும், சேர். வன்னியில படிப்பிச்சதுக்கு என்னட்ட ஒண்டும் இல்லை. இது ஒண்டுதான் இருக்கு.”

சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு சி.ஆர். புத்தகத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். தடித்த மட்டை போட்ட, பள்ளிக்கூடங்களில் பாவிக்கும் சாதாரணப் புத்தகம். திறந்து பார்த்தேன். திகதி, கட்டுரை இலக்கம், என்ன இருந்தது, என்னவாக மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டுக் கட்டம் கட்டி எழுதியிருந்தார். விட்டுப்போன வர்க்கம். இடம் மாறிய கழித்தல் குறி. ஒரு வரியில் ஒரு எழுத்தும் அடுத்த வரியில் வேறு எழுத்தும். இரண்டு பக்கமும் அலகு ஒத்துவராத சமன்பாடு. முத்து முத்தான எழுத்து. புத்தகம் ஏறக்குறைய நிரம்பியிருந்தது.

“இதைப் பாத்து எழுதுங்கோ, சேர். கூட்டி ஒண்டும் எழுத வேண்டாம்.”

“இது இங்க இருக்கட்டும், டீச்சர். கொழும்புக்குக் காட்டித்தான் கடிதம் எடுக்கோணும்” என்றேன்.

அவர் நம்பினார். ஓம் என்று தலையாட்டி, படியிறங்கிப் போனார்.

அந்தப் புத்தகத்தைக் கொழும்புக்குக் காட்டுவதா? என்னுடைய கழுத்துக்கு நானே கயிறு திரித்துக் கொடுப்பது போலிருக்கும். கடிதம் நானே அடிக்கலாம். ஒஃபிஸ் பெயர் அச்சடித்த தாளும் றப்பர் முத்திரையும் என் மேசை லாச்சியில் இருந்தன. இரண்டு தரம் அடிக்கத் தொடங்கினேன். இரண்டு தரமும், நாளைக்குச் சிலாபத்திலிருந்து யாராவது கொழும்புக்கு ஃபோன் பண்ணி, இந்தக் கடிதம் உண்மையா, உங்கள் ஒஃபிசில் கணிதம் சரிபார்க்கிறார்களா என்று கேட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். யோசித்து யோசித்து, அழித்தேன். பிறகு கொழும்பின் கணினியில் அவருடைய ஊழியர் இலக்கத்தை அடித்தேன். சேவைக் கடிதங்களை அது தானாகவே எழுதித் தரும். அந்தக் கடிதத்தின் மாதிரியையும் அழகாக அமைத்துக் கொடுத்தது நான்தான், ஓரங்கள், எழுத்துருவின் அளவு, கையொப்பத்துக்கு விட்ட இடம் எல்லாம்.

கடிதம் வந்தது. இவர் எங்கள் நிறுவனத்தில் தட்டச்சு இயக்குநராகக் கடமையாற்றினார், நன்னடத்தை உள்ளவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். முத்திரையை எடுத்துக் குத்தினேன்.

டீச்சர் வந்து வாங்கிக்கொண்டு, நின்றபடியே வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். எங்கேயாவது ஒரு வரியை விட்டுவிட்டேனா என்று பார்க்கிறவர் போல இருந்தது.

“கொழும்பில இதுதான் தருவினமாம், டீச்சர். நான் எவ்வளவோ கேட்டன்.”

“என்ர புத்தகம்?”

“கொழும்பில இருக்கு. வந்த உடன தாறன்.”

புத்தகம் அந்த நேரம் என் லாச்சியில், முத்திரைக்குப் பக்கத்தில் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று பிறகு எலுவன்குளத்துப் பிள்ளை வந்து சொன்னாள். எனக்குக் கேட்க வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னாள். தட்டச்சுப் படிப்பிக்க ஆள் தேவையில்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாம்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் வெறும் கோழை. நான் நிறுத்தவில்லை. டீச்சர் போன பிறகு எங்கள் கட்டுரைகளில் பிழைகள் அச்சேறத் தொடங்கின. திருத்த அறிவிப்புப் போட வேண்டி வந்தது. முன்பு இப்படி இல்லையே, என்ன நடந்தது என்று கொழும்பு கேட்டது. நான் லாச்சியைத் திறந்து சி.ஆர். புத்தகத்தை எடுத்தேன். ஒவ்வொரு பதிவாக வாசித்து, இதை ஒரு இயந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கும் என்று யோசித்து, ஒவ்வொன்றையும் ஒரு விதியாக எழுதினேன். ஒரு வரியில் வந்த எழுத்து அடுத்த வரியில் மாறினால் நிறுத்து. இரண்டு பக்கத்திலும் அடைப்புக்குறி எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் நிறுத்து. எந்தப் பதிவிலிருந்து எந்த விதி வந்தது என்று மறக்காமலிருக்க, புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் விதியின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டே போனேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. ஆறு மாதம் எடுத்தது. அவருக்குக் கூடாது என்ற கணிதக் கியூவரி என் ஸ்கிரிப்ட்டுக்குக் கூடும் என்றார்கள், இயந்திரம் கேட்டால் அது புரூஃபோடு சேர்ந்தே போகலாமாம், கட்டுரையை நிறுத்தி வைக்கத் தேவையில்லையாம். திரையில் ஸ்கிரிப்ட்டுக்கென்று ஒரு வரி திறந்தார்கள். முழுக்கப் பச்சை.

எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பெரிய வியாழனுக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது இதைச் சொன்னேன். ஃபாதருக்கு விளங்கவில்லை. திருடினாயா என்று கேட்டார். ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்றேன். திருப்பிக் கொடுத்துவிடு, மூன்று அருள் நிறைந்த மரியே சொல் என்றார். மூன்றையும் சொன்னேன். புத்தகத்தைக் கொடுக்கவில்லை.

சில வருடங்களில் முந்தல் ஒஃபிசை மூடினார்கள். ஸ்கிரிப்ட்களைக் கொழும்பிலிருந்தே ஓட்டலாம் என்று ஆனபிறகு இறால் தீன் கடைக்கு மேலே யாருக்கு என்ன வேலை? மிச்சமிருந்த ஏழு பிள்ளைகளும் வீட்டுக்குப் போனார்கள். ஸ்கிரிப்ட்களைப் பராமரிக்க என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள், வீட்டிலிருந்து வேலை. லாச்சியில் இருந்ததையெல்லாம் ஒரு பெட்டியில் அள்ளிக்கொண்டு வந்து வீட்டு அலுமாரியில் வைத்தேன்.

டீச்சர் தன் அறையிலேயே ரியூஷன் தொடங்கியிருந்தார். முந்தலில் கணிதம் என்றால் அவரிடம்தான் போக வேண்டும் என்று பெயர் எடுத்துவிட்டார். என் மகள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் மனைவி அவளை அங்கே சேர்த்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும், என்னிடம் சொல்லக்கூடிய காரணம் இருக்கவில்லை. அவள் என்னுடைய மகள் என்று அவருக்குத் தெரியுமாம். முன்வரிசையில் இருத்தினாராம்.

ஒரு சனிக்கிழமை காலை, மகள் எழுதாத கொப்பி ஏதும் இருக்கிறதா என்று அலுமாரியைக் கிளறினாள். கொஞ்ச நேரத்தில் சி.ஆர். புத்தகத்தோடு வந்து என் முன்னால் நின்றாள்.

“அப்பா, இது எங்கட டீச்சர்ட எழுத்தெல்லோ?”

“ஒஃபிஸ் புத்தகம். வச்சிட்டு வாங்கோ.”

“டீச்சர்ட பேர் போட்டிருக்கு. இண்டைக்குக் கிளாஸ் இருக்கு, கொண்டு போய்க் குடுக்கட்டோ?”

“நான் குடுக்கிறன்.”

“எப்ப?”

சரி, கொண்டு போங்கோ, முதலில் இங்கே தாங்கோ என்று வாங்கினேன். திறந்ததும் ஓரங்களில் என் பென்சில் இலக்கங்கள் தெரிந்தன. பக்கத்துக்குப் பக்கம், ஒவ்வொரு பதிவுக்கும் நேரே, ஒரு சின்ன வட்டத்துக்குள். அவற்றை அழிக்காமல் கொடுக்க முடியாது. மகளிடம் அழிறப்பர் கேட்டேன்.

“என்னட்ட இல்லை. டீச்சர் அழிறப்பர் பாவிக்க விடமாட்டா. பிழையைக் கோடு போட்டு வெட்டிட்டு, கீழ சரியானதை எழுதச் சொல்லுவா. பிழையும் தெரியோணுமாம், திருத்தினதும் தெரியோணுமாம்.”

வீடு முழுக்கத் தேடினேன். ஒரு அழிறப்பர் இல்லை. பாண் துண்டொன்றின் மெத்தென்ற உள்பக்கத்தைக் கிள்ளி எடுத்து முதல் பக்கத்தில் தேய்த்துப் பார்த்தேன். இலக்கம் போகவில்லை, தாள்தான் அழுக்காகியது. மனைவி குசினி வாசலில் நின்று, இவருக்கு என்ன பிடித்தது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு மகள் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போய்விட்டாள்.

ஐந்து மணி வரைக்கும் கணினிக்கு முன்னால் இருந்தேன், ஒரு வரியும் எழுதவில்லை. அவள் வந்து சைக்கிளை நிறுத்துவதற்குள் வாசலுக்குப் போய்விட்டேன்.

“என்ன சொன்னா?”

“எல்லாப் பக்கமும் ஒண்டொண்டாப் பாத்தா. இந்த இலக்கம் ஆர் போட்டதெண்டு கேட்டா. அப்பா எண்டன்.”

“பிறகு?”

“‘ஒண்டையும் விடேல்லை’ எண்டா. பிறகு பாடம் தொடங்கிட்டா.”

“வேற ஒண்டும் கேக்கேல்லையோ? கடிதம் கிடிதம்?”

“என்ன கடிதம், அப்பா?” என்றாள் மகள்.

உள்ளே வந்து இதை எழுதத் தொடங்கினேன். டீச்சர் கேட்டது அரைப் பக்கம், நான் இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். அவர் என்ன வேலை செய்தார் என்று இதில் இருக்கிறது, எப்படிச் செய்தார் என்று இருக்கிறது, கூட்டி ஒன்றும் எழுதவில்லை. அவருடைய பெயர் மட்டும் இதில் இல்லை. அதை எழுதினால் என்னுடைய பெயரையும் எழுத வேண்டி வரும்.